துரை வளர்த்த நாய்

காலை ஏழேகால் மணிக்கு மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, எதிர் கேட்டில் தொங்கிய அட்டை: "வீடு வாடகைக்கு. அல்சேஷன் நாய் வளர்ப்போர் வர வேண்டாம்."

என் கையிலிருந்த சங்கிலியில் நின்றது அல்சேஷன். முந்தின நாட்களில் நான்கு வீடுகளில் வாசலோடு அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூட விடுதியை அந்த வாரத்துக்குள் காலி செய்தாக வேண்டும். கேட்டைத் திறந்தேன்.

வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியார், வீடு பார்க்க வந்தேன் என்றேன். நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ஏம்ப்பா, வாத்தியாருங்கிற, போர்டு வாசிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க. தோட்டத்த அரசாங்கம் எடுத்ததும் வெள்ளக்கார தொரை ஊருக்குப் போனாரு. இத எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

அவர் எழுந்துவிட்டார். தலையில் சுற்றியிருந்த மப்ளர் கைக்கு வந்தது.

"தொரை பங்களா நாயா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாங்க, உள்ள வாங்க!" என்றார் நாயிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

தினமும் காலையில் வந்து நாயை நலம் விசாரிப்பார். மப்ளர் கையில்தான் இருக்கும். என் கூரை ஒழுகுவதை மட்டும் அவர் காதில் வாங்கியதில்லை.

ஆறாம் வருடம் நாய் செத்தது. அடுத்த திங்கட்கிழமை கேட்டில் அதே அட்டை தொங்கியது.