ஆஸ்பத்திரி வாசலில் சீனியக்கா

திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர்களுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தபோது சீனியக்காவின் மகள் கவிதா கூப்பிட்டாள். "மாமா, அம்மா போயிட்டாக." மூச்சுத்திணறல் என்று முந்தின நாள்தான் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எப்படி பஸ் ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் அக்காவின் கட்சி இல்லை. ஒரே தெருவில் அவர் வாசலில் ஒரு கொடி, என் வாசலில் இன்னொரு கொடி. எலியும் பூனையும் என்றுதான் தெருவே சொல்லும். அவருக்கு அஞ்சலி எழுத இவனுக்கென்ன யோக்கியதை என்று அவர் கட்சிக்காரர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அவரைக் கட்சியை விட்டு நீக்கியவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே இருக்கிறது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீனியம்மாள் நாரணாபுரம் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். கட்சி மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தார். எந்த ஆலை வெடித்தாலும் செத்தவர் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். நஷ்டஈட்டுக்கு அதிகாரிகள் எழுத்தில் உறுதி தரும்வரை உடலை வாங்கவிட மாட்டார். அப்போது எங்கள் ஆட்சி. "பொணத்த வச்சு அரசியல் பண்றீகளே, வெக்கமா இல்லையா?" என்று நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். அக்கா சிரிப்பார். "ஆட்சி மாறட்டும் தம்பி. நீங்களும் அங்கன வந்து நிப்பீக பாருங்க."

மாறியது. அக்காவின் கட்சி வந்தது. மறுபடியும் ஓர் ஆலை வெடித்தது. நாங்கள் கறுப்புக்கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் எங்களுக்கு முன்னாலேயே அக்கா! அவர் கட்சிப் பொறுப்பாளர் காரிலிருந்து இறங்காமலே, "நம்ம ஆட்சிக்கே கெட்ட பேரு வாங்கித் தாறீகளா?" என்று சத்தம் போட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை.

மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் அழுகைக்கு நடுவே நிமிர்ந்து, "நீ எந்தக் கட்சி தாயி?" என்று கேட்டார்.

"ஆளுங்கட்சிதான் தாயி. அதான் ஒக்காந்திருக்கேன்" என்றார் அக்கா.

எங்கள் தலைவர் சால்வையோடு நெருங்கினார். விடுவாரா அக்கா? "சால்வையெல்லாம் வேண்டாம். நாளைக்கு ஒங்க ஆட்சி வந்தாலும் இங்கன வந்து ஒக்காருவோம்னு இந்தத் தாய்கிட்டச் சொல்லிட்டு ஒக்காருங்க." எங்கள் ஆட்கள் ஏதோ போன் வந்ததுபோல ஒவ்வொருவராக நழுவினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்தேன். "சொல்லுங்க தம்பி" என்றார். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பொழுது சாயும் நேரம் அக்கா தன் தங்கையைப் பற்றிப் பேசினார். அவளும் ஆலையில் வெந்து செத்தவள்தான். "எங்கப்பா நல்ல மனுசன் தம்பி. ஆனா அன்னைக்கு எங்க கட்சி ஆட்சி. தலைகுனிவு வந்துரக் கூடாதுன்னு வாயத் தெறக்காம, பெத்த பிள்ளைய வாங்கிட்டு வந்து பொதைச்சாரு. சாகுற வரைக்கும் அவரு சரியாத் தூங்கல."

அந்த மாதமே அக்காவை நீக்கினார்கள். எங்கள் கட்சி ஆசைகாட்டி அழைத்தது, போகவில்லை. வாசல் கொடியையும் இறக்கவில்லை. "இன்னுமா அக்கா அந்தக் கொடி?" என்று கேட்டேன். "அவுக என்னைய நீக்கிட்டாக, நான் கட்சிய நீக்கலையே" என்றவர், சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது மறுபடியும் எங்கள் ஆட்சி, அவர்கள் எதிர்க்கட்சி. ஆகவே நீக்கியவர்களே "வீரப் போராளி" என்று பேனர் அடித்து, புத்தம்புதுப் பட்டுக்கொடியோடு இழவு வீட்டுக்கு வந்தார்கள். நல்லா இருக்கிறது நியாயம்! கவிதா வாசல் கம்பத்தில் வெளுத்துக் கிடந்த கொடியை அவிழ்த்து வந்து அம்மாவுக்குப் போர்த்தினாள்.

எத்தனையோ பேரின் உடலை வாங்கவிடாமல் அக்கா உட்கார்ந்த ஆஸ்பத்திரி வாசல் அது. அதன் வழியே அவர் உடலை நாங்கள் மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தோம்.

அடுத்த வாரமே இன்னோர் ஆலை வெடித்தது. எங்கள் செயலாளர் போனில், "அண்ணே, இது நம்ம ஆட்சி. ஆஸ்பத்திரிப் பக்கம் போயிராதீக. போனா கட்சியில இருக்க முடியாது" என்றார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கும் கட்சி. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும், கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி என் கரைவேட்டியைப் பார்த்தாள். "நீங்க எந்தக் கட்சிய்யா?"

"ஆளுங்கட்சிதாம்மா" என்றேன். "அதான் ஒக்காந்திருக்கேன்."

சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டேன் அக்கா. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.