கந்தோர் விடாத கடுதாசி

துறைமுகத்துக்குப் போகிற வீதியில், சனம் கந்தோர் என்று சொல்லும் அரச அலுவலகம் ஒன்றுக்கு எதிரே எனக்கொரு போட்டோக்கொப்பிக் கடை. சனம் படிவத்தோடு வரும், கதையோடும் வரும். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கதையை நான் வைத்துக்கொள்வேன்.

அப்படி வந்தவர்தான் அந்தச் சாம்பல்தீவு அக்கா. சண்டைக் காலத்தில் தோணியில் இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். முகாமில் பிறந்த மகள் சில்லுக்கதிரையில் இருந்தாள். பிறவியிலேயே நடக்க ஏலாது. அவளைப் போன்றவர்களுக்கு அரசு மாதாமாதம் ஒரு கொடுப்பனவு தருகிறது. எதிரே இருக்கும் அலுவலகத்தில் மூன்று தரம் கேட்டும் ஒரே பதில்: “பிள்ளை இந்தியாவில பிறந்தது. இது எங்கட ஆக்களுக்கு.”

“அங்க என்னை சிலோன் பொண்ணும்பாங்கண்ணே,” என்றாள் மகள். “இங்க இந்தியாக்காரியாம். நடுக்கடல்ல பொறந்திருந்தா ஒரு நெத்திலியாவது சொந்தம் கொண்டாடியிருக்கும்.”

இரண்டு வருடம் அலைந்து, அன்றுதான் அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்திருந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

“தம்பி, இதை லமினேட் பண்ணித் தாங்கோ. இந்தியாவுக்குப் போகேக்க எங்கட கடுதாசியெல்லாம் தோணித் தண்ணியில கரைஞ்சதாலதான் இவ்வளவு பாடு. கடல் விட்டாலும் கந்தோர் விடாது, பாருங்கோ.”

நல்ல சொல்லொன்று காதில் விழுந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. காசு வேண்டாமென்று சொல்லி, இரு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டிக் கொடுத்தேன். அந்தப் பெருமையில் நானே சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கும் போனேன்.

கொடுப்பனவுக்குப் பதிந்தால் சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டுமாம். உத்தியோகத்தர் குத்தினார். மை பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் குத்தினார். மறுபடியும் வழுக்கியது.

“ஆர் இந்த வேலை பாத்தது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“முத்திரை பிடிக்காட்டி எடுக்க ஏலாது, அம்மா. புதுசா ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“இன்னும் ரெண்டு வரிசமோ, ஐயா?” அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

மகள் எட்டிச் சான்றிதழைப் பறித்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஈர மை முழுவதும் அதில் ஏறியிருந்தது.

“சார், பேப்பர்ல நிக்காதது எம்மேல நின்னுடுச்சு. என்னையே ஃபைல்ல வெச்சுக்கங்க.”

வரிசையில் நின்ற மூதூர்க்காரர் ஒருவர், “உடாதீங்க மகள்! அரசாங்கமே கையில வந்துட்டு!” என்று கத்தினார்.

உத்தியோகத்தர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“போய் ஒரு கொப்பி அடிச்சுக்கொண்டு வாங்கோ. ஒறிஜினலைப் பாத்தனான் எண்டு எழுதி, அதில குத்திறன்.”

வீதியைக் கடந்து ஓடினேன். பிரதியை ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். பெயர் பதிவானது. அடுத்த மாதத்திலிருந்து கொடுப்பனவு என்று எழுதிய ஒரு துண்டுக் கடுதாசியும் கொடுத்தார்கள்.

அக்கா அந்தத் துண்டோடு நேரே என் கடைக்கு வந்தார்.

“தம்பி, இதையும் ஒருக்கா லமினேட்...”

“கரண்ட் இல்லை, அக்கா,” என்றேன்.

என் தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.