வலது கன்னம்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, கையால் தடவி, கீறலும் உண்ணிக்கடியும் இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். பத்து வருஷமாக இதையே செய்பவனுக்கு நல்ல தோலைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வரும். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

ஆறாம் மாதத்தில் எங்கள் மகளுக்கு எக்ஸிமா வந்தது. கன்னமும் கழுத்து மடிப்பும் சிவந்து சொரசொரத்தன. சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. வேலூரில் டாக்டர், குளிப்பாட்டிய ஈரத்தோடு தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "வாசனையான எதுவும் கொழந்த மேல படக் கூடாது" என்றும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

சோப்பை முகர்ந்து பார்த்தேன். துணி பவுடரை மாற்றினேன். போர் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டுக் கேன் தண்ணீர் வாங்கினேன். மாமியார் கொடுத்த கவுனைப் பீரோவுக்குள் தள்ளினேன். கடைசியில் மனைவி மேலேயே சந்தேகம். களிம்பை ஒழுங்காகத் தடவுகிறாளா என்று தெரிந்துகொள்ள, தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவால், டியூபில் களிம்பு இருந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் டியூபைத் தூக்கிக் காட்டினாள். "இன்னா இது? என்னயே செக் பண்றீங்களா?"

நான் அவளுடைய முகப்பவுடர் டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

"புள்ள பொறந்ததுலேர்ந்து அத நான் தொடவே இல்ல" என்றாள். நான் நம்பவில்லை. இரண்டு நாள் டியூபை என் கண் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் தடவினாள்.

மூன்றாம் நாள் மேஜைக்கு ஒரு மாட்டுத் தோல் வந்தது. ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது, மறு பக்கம் முழுக்கத் தழும்பு. "டெய்லி ஒரே எடத்துல போய் ஒரசியிருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மகளுக்கும் வலது கன்னத்தில்தான் ரொம்ப மோசம். அந்தக் கன்னத்தை அவள் தினமும் சாய்த்துப் படுப்பது என் தோளில்.

வேலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. குளித்தாலும் தோல் வாடை போகாது என்று கழுத்திலும் தோளிலும் சென்ட் அடித்துக்கொள்வேன், பெண் பார்க்கப் போன நாளிலிருந்து அது பழக்கம். வீட்டில் இருந்ததை எல்லாம் முகர்ந்து பார்த்தவன் என்னை முகர்ந்து பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் என் சட்டைப் பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து, சென்ட் பாட்டிலில் ஒரு கோடு போட்டாள்.

"தூக்கிப் போட்டுடறேன்" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்."

களிம்பை நிறுத்தவில்லை. கழுத்து மடிப்பு இன்னும் அவ்வப்போது சிவக்கிறது, ஆனால் வலது கன்னம் ஆறிவிட்டது. பாட்டில் அலமாரியிலேயே இருக்கிறது. தினமும் சாயங்காலம் மனைவி முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கிறாள். அப்புறம் என் கழுத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தோளில் தருகிறாள்.