முதுகில் இரண்டு தட்டு

டிரைவர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வீறாப்பும் போகவில்லை.

தினமும் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவது மனைவியின் வேலை. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அவருடைய வலக்கையை எடுத்துத் தன் இடது தோளில் போட்டுக்கொள்வாள், அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுப்பாள், முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள். வண்டியை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவாரே, அதே தட்டு. விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஒரே வருடத்தில் இருவருக்கும் அது அத்துப்படியாகிவிட்டது. ஆனால் அவள் தோள் போய்விட்டது. தலை சீவக்கூட இடக்கை எழவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் வந்து அவரைத் தூக்கிவிட ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள்.

பார்க்க வந்த அதிகாரி சின்னப் பெண். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் மனைவி சும்மா இருப்பாளா? தரையைப் பளபளவென்று துடைத்து, அவருக்குச் சவரம் செய்து, தேய்த்த சட்டையும் மாட்டிவிட்டிருந்தாள். மனுஷர் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“எல்லாம் நானே பாத்துக்குவேன்மா,” என்றார் மீசையைத் தடவிக்கொண்டு.

“கொஞ்சம் எந்திரிச்சுக் காட்டுங்க சார்.”

இவள் பேசாமல் இருந்திருக்கலாம். கை கேட்டால்தானே! ஓடிப் போய் முட்டுக் கொடுத்துத் தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் நின்றுவிட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘மனைவி லேசாகத் தொட்டதும் எழுந்து நிற்கிறார். உதவியாளர் தேவையில்லை.’

“லேசாவாம்ல, லேசா!” என்று சிரிக்கப் போனவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

மறுபடி மனு எழுதி, அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அதே பெண்ணை மறுபடியும் வரவழைத்தாள். இந்த முறை ஒரே ஒரு முடிவு எடுத்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்காருவது, என்ன ஆனாலும் எழுந்திருப்பதில்லை. அவருக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் மல்லுக்கு நிற்பார்.

“எந்திரிங்க சார்.”

அவர் முன்னால் சாய்ந்து காத்திருந்தார். தட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் இடக்கையை ஊன்றி எம்பினார். மறுபடி எம்பினார். தேய்த்த சட்டை வியர்வையில் நனைந்தது. மூன்றாம் முறை ஒரு பக்கமாகச் சரிந்தபோது அந்தப் பெண்தான் ஓடிப் போய்த் தாங்கினாள். இவள் எழவில்லை. இதைவிடக் கொடுமையான காரியத்தை இவள் வாழ்நாளில் செய்ததில்லை.

டிரைவர் அவளை முறைத்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அவர் முகம் மெல்ல இளகியது.

“நானா எந்திரிச்சதே இல்லம்மா,” என்றார் அதிகாரியிடம். “அன்னைக்குச் சொன்னது பொய். இவதான் தூக்குறா. தலை சீவ முடியாம இவ படுற பாடு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதையும் எழுதிக்கோங்க.”

ஆள் கிடைத்தது. வாட்டசாட்டமான உதவியாளர். முதல் நாளே அவளிடம், “நீங்க உள்ள போய் உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டார். அவள் அடுப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“எந்திரிங்கய்யா.”

டிரைவர் அசையவில்லை.

“என்னய்யா, எங்கயாவது வலிக்குதா?”

“கொஞ்சம் பொறுப்பா,” என்றவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “என்னடி, வண்டி நிக்குது பாரு!”

அவள் வந்தாள். உதவியாளரின் தோளில் கிடந்த அவர் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வலிக்காத கையால் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.