கம்பளி மாட்டிய அறை

மகள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. பாட்டு கேட்பதற்கென்று ஓர் அறை வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஹட்டன் டவுனில் ரேடியோ, ஸ்பீக்கர் விற்கும் கடையில் காலமெல்லாம் வேலைக்கு நின்றவன் நான். ஊரார் வீட்டுக்கெல்லாம் நல்ல சாமானாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு ஒற்றை அறையில், ஒரு ஓட்டை ரேடியோவோடு காலம் தள்ளினேன். கடையை விட்டு நின்றபோது முதலாளி இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். கொண்டுவந்து பாட்டைப் போட்டால், யாரோ கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுவது போல இருந்தது.

குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, அறையில். தோட்டத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்த தனி வீடு எங்களுடையது. சிமெந்துச் சுவர், டைல்ஸ் தரை. கையைத் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி அதிர்ந்துகொண்டே இருக்கும். லயத்துக் காம்பராவில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அங்கே கொடி நிறையத் துணி, மூலையில் மூட்டை, கால் நீட்ட முடியாமல் ஆட்கள். சத்தம் மோதித் திரும்ப இடம் ஏது?

இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மனைவிக்குக் காது இன்னும் மோசமானது. அவள் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்ந்தவள். ஆஸ்பத்திரியில் காது மெஷின் கொடுத்தார்கள். இரண்டொரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து மண்டையில் இடிக்கிறது என்று கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டாள். மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தால் அதை என் கையில் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மகள் சொன்னதில் பாதியை நான் கத்திச் சொல்வேன், மீதிக்குத் தொண்டை இருக்காது. நாளாக ஆக, போன் அடித்தாலே அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். பெற்ற பிள்ளையோடு பேச்சு அற்றுப்போகிறதே என்று எனக்குப் பெரிய கவலை. எனக்குக் கவலை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

அந்த எரிச்சலை மறக்கத்தான் அறை வேலையில் இறங்கினேன் என்றும் சொல்லலாம். முதலில் கடை கடையாக முட்டை அட்டை பொறுக்கி வந்து சுவரில் ஒட்டினேன். கோழிப் பண்ணை மாதிரி ஆனதுதான் மிச்சம். பிறகு போனில் வீடியோக்களைப் பார்த்து, தடிப்பான மெத்தை போல ஏதாவது சுவரில் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதற்கென்று விற்கிற பஞ்சுப் பலகையின் விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். தோட்டத்தில் பிறந்தவன் புத்தி எங்கே போகும்? ஃபெக்டரியில் கழிக்கிற தேயிலை நார் இருக்கிறதே என்று தோன்றியது. பஞ்சு போல இருக்கும், சும்மா கிடைக்கும். சாக்கில் அடைத்து அடைத்துச் சுவர் முழுக்கச் சாத்தினேன்.

சத்தம் உடனே அடங்கியது. நான் பெருமையோடு திரிந்தேன். ஜன்னலை மூடிவைத்துச் சாக்குச் சாக்காக ஏற்றுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், கலப்படத் தேயிலைத் தூள் யாவாரமா என்று மெதுவாக விசாரித்தார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்தது. தேயிலை ஈரத்தை விடுமா? மூடுபனியையெல்லாம் குடித்துவிட்டு, சாக்குகள் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தன. வடித்த தேயிலையை நாலு நாள் கேத்தலில் மறந்துவிட்டது போல வீடே நாறியது. அத்தனையையும் அவரைக்கொடிப் பந்தலுக்கடியில் கொட்டினேன். மனைவி சிரித்தாள். அது ஏச்சைவிட மோசம்.

கடைசியில் கம்பளியில் வந்து நின்றேன். மலையில் மழைக்குப் போர்த்திய பழைய கம்பளிகள் லயத்துப் பக்கம் பல வீடுகளில் மூட்டையாகக் கிடந்தன. கேட்டு வாங்கி, துவைத்துக் காயவைத்து, மரச் சட்டத்தில் நாலு மடிப்பாக அடித்தேன். அவற்றை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு வழி உண்டு. நான் நாற்காலியில் உட்கார வேண்டும், இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்த வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் சத்தம் மோதுகிற இடம். மனைவி கண்ணாடியைப் பிடித்தாள். நான் "நில்லு" என்று கத்தக் கத்த அவள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தாள். பிறகு நான் கையைத் தூக்குவது, அவள் நிற்பது என்று ஏற்பாடு செய்துகொண்டு, எல்லாச் சட்டத்தையும் மாட்டி முடித்தோம்.

தீபாவளிக்கு மகள் வருகிறாள் என்று, அவளிடம் பேச்சு வாங்காமலிருக்க மனைவி காது மெஷினை எடுத்து மாட்டிப் பழக ஆரம்பித்தாள். ஒருநாள் பின்னேரம் நான் அந்த அறையில் இருந்தேன். பாட்டு முடிந்திருந்தது. அவள் பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போல எனக்குள்ளேயே, "சீனியே போடல" என்று முனகினேன். அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நான் இப்படி எத்தனையோ முனகுவேன்.

"போட்டேன். கொறச்சுப் போட்டேன். ஒங்களுக்குத்தான் சுகர் இருக்கே" என்றாள்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதே சன்னக் குரலில், இப்போது என்ன சொன்னேன் என்று கேட்டேன். திருப்பிச் சொன்னாள். அவளே திகைத்துப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். இங்கே இடிக்கவில்லை, பேச்சு தனியாக வருகிறது என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அங்கேயே மகளுக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவளே பேசினாள். என்ன சமைத்தாய், மருமகன் வேலைக்குப் போனாரா, சளி விட்டதா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். நான் வாசலில் நின்றேன். எனக்கு அங்கே வேலையில்லை. பேசி முடித்துப் போனை என்னிடம் நீட்டினாள்.

"அவ கொரலு மாறிப்போச்சுங்க" என்றாள். "பெரிய பொம்பள கொரலா இருக்கு."

எனக்கு அது தெரியவில்லை. நான்தான் அதை வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தேனே.