உப்புப் பாத்தியில் கிளி, பையில் சஞ்சீவி

காலை 7.10க்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். மரக்காணம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். பையில் ஐந்து பொருள்கள். ஐந்தாவது, போன மாதம் கொல்லிமலையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய சஞ்சீவிச் செடி. மரக்காணத்தில் இருக்கும் என் மகளுக்கு. பூவும் விதையும் இல்லாத ஆதிகாலக் குலம். காய்ந்து, மூடிய கைபோலச் சுருண்டிருந்தது. தண்ணீர் பட்டால் விரியும் என்றான் விற்றவன். நான் நம்பவில்லை.

8.40. உப்பளம் பார்க்க வரப்பில் இறங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில், பாத்தி ஓரமாக ஒரு பச்சைக்கிளி கிடந்தது. நல்ல தண்ணீர் என்று இறங்கியிருக்க வேண்டும். இறகெல்லாம் உப்பேறி விறைத்துப்போய், கண் மட்டும் அசைந்தது. பதற்றத்தில் பாத்தியிலிருந்தே இரண்டு கை தண்ணீர் அள்ளி அதன்மேல் ஊற்றிவிட்டேன்.

"ஐயோ பெரியவரே, உப்பக் கழுவ உப்புத் தண்ணியா? ஊறுகா போடப் போறீங்களா?" உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தார். பெயர் மரியா.

"நானே கொன்றுவிட்டேனா அம்மா?"

"சாவாது, நவுருங்க."

ஒரு கேனைத் தூக்கி வந்தார். அவர் கணவர் அந்தோணி தூரத்திலிருந்து கத்தினார்: "அது கால் கழுவற தண்ணிமே!"

"கால் எங்க ஓடிடப் போவுது?"

வேலை முடிந்ததும் உப்பு காலை அறுக்காமலிருக்க, வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துவருவது இங்கே வழக்கம். கேனில் இருந்தது நான்கு சொம்பு. அதில் மூன்று சொம்பு கிளிக்குப் போயிற்று. கிளியை என் துண்டில் சுற்றி வெயிலில் வைத்தோம். என் பையில் செடியைப் பார்த்த மரியா, "இன்னாது, தேங்கா நாரா?" என்றார். சொன்னேன். நான்காவது சொம்பைக் கிண்ணத்தில் ஊற்றிச் செடியைப் போட்டார்.

நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டையும் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை.

9.35. துண்டு துடித்தது. பிரித்ததும் கிளி என் ஆள்காட்டி விரலைக் கடித்தது, ரத்தம். நான்கு முறை கீச்சிட்டு, பனைமரங்களை நோக்கிப் பறந்தது. செடியோ அப்போதுதான் ஒரு விரல்கடை திறந்திருந்தது. கிளிக்குப் பிழைத்ததை ஊருக்கே சொல்ல வேண்டும், யார்மீதாவது கோபப்படவும் வேண்டும். செடிக்கு அவசரமும் இல்லை, கோபமும் இல்லை.

11.50க்குச் செடி முழுதும் விரிந்து உள்ளே பச்சையாக இருந்தது. விற்றவன் ஏமாற்றவில்லை என்று ஒரு மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

12.15. மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். மரியாவும் அந்தோணியும் வேலை முடிந்து எனக்கு முன்னால் வரப்பில் போனார்கள். நான்கு கால்களிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.