சாண்ட்ராவுக்கு நான் சொன்ன லென்ஸ்

"எந்த லென்ஸடி வாங்கட்டும்? நீயே சொல்லு."

சாண்ட்ரா இப்படிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அதனால்தான் நாக்கு எழவில்லை.

2001 ஜூலை. நாங்கள் இரண்டு பேரும் ராயபுரத்தில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்தோம். அவள் அண்ணன் மேத்யூ கப்பலில் சமையல்காரர். சிங்கப்பூரிலிருந்து பழைய கேமரா ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். எனக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை. கேமராவைப் பற்றி எங்கள் தெருவில் முதலில் படித்தவள் நான். திருவொற்றியூர் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, வெளிச்சம், தூரம், லென்ஸ் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். சாண்ட்ரா என் நோட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாக எடுத்தாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே போவேன். திரும்பி வரும்போது வயிறு எரியும்.

கடல் காற்றில் கேமராவோடு வந்த லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. படமெல்லாம் புகை மூட்டமாக வந்தது. யானைக்கவுனியில் பழைய கேமரா விற்கும் சுப்புராயனிடம் அந்தக் கேமராவுக்குப் பொருந்தும் லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று முகம் எடுப்பதற்கென்றே செய்தது, போர்ட்ரெய்ட் லென்ஸ். பின்னால் இருக்கும் சுவரும் கொடிக்கயிறும் கரைந்துபோய், முகம் மட்டும் மிருதுவாக நிற்கும். இன்னொன்று மேக்ரோ. எறும்பின் காலில் இருக்கும் முடியைக்கூடக் காட்டும். சனிக்கிழமை வரை இரண்டையும் எடுத்து வைக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். சாண்ட்ராவிடம் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது.

அவளுக்குக் கல்யாணப் பெண்களைப் படமெடுக்க வேண்டும். வேறு ஆசையே கிடையாது. வரதன் ஸ்டூடியோவின் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மணப்பெண் படங்களைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸை விட்டுவிடுவாள். அவள் அம்மாவோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "கிறிஸ்மஸுக்குள்ள அந்த டப்பா ஒரு வேளை சோறாவது போடணும். இல்லாட்டி அத வித்துட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு பட்டன் தெக்கப் போ."

"இன்னாடி, வாய்ல கொழுக்கட்டையா? சொல்லேன்" என்றாள் சாண்ட்ரா.

"மேக்ரோ வாங்கு" என்றேன். "அதுல மூஞ்சியும் எடுக்கலாம், கிட்டப் போய் மோதிரமும் எடுக்கலாம். ரெண்டு வேலை."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என் நோட்டில் அடுத்த வரி இப்படி இருந்தது: 'முகத்துக்கு வேண்டாம். தோலில் உள்ள குறை ஒன்றையும் விடாது.' அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டவில்லை. அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "நீ இல்லாட்டி நான் இன்னாடி பண்ணுவேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

செப்டம்பரில் முதல் கல்யாணம் கிடைத்தது. பெண்ணின் அம்மா சிலுவையம்மாள், காசிமேட்டில் மீன் விற்பவர். ஆல்பம் வந்த அன்று நானும் கூடப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும். முதல் பக்கத்திலேயே சிலுவையம்மாள் நிறுத்திவிட்டார். பெண்ணின் முகத்தில் பவுடர் வெடித்திருந்தது. அதற்கு அடியில் ஒவ்வொரு அம்மைத் தழும்பும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இன்னாம்மா இது, உக்காந்து எண்ணிக்கலாம் போலகீது" என்றார். "என் பொண்ணை கட்டிக்கினு போனவனே இம்மாம் கிட்ட பாத்திருக்க மாட்டான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெண் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆல்பத்தை சாண்ட்ராவின் மடியிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள். நடந்து வரும்போது எனக்கு உள்ளுக்குள் கற்கண்டு கரைந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் கரைந்தது.

அதன்பின் இரண்டு மாதம் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. நவம்பர் கடைசியில் பின் தெரு செல்லம்மா அக்கா வந்தார். அவர் கணவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவர், இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. வாழ்நாளில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே படம், துறைமுகத்துக்குள் நுழையக் காட்டும் பாஸில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படம்தான். மாலை போடுவதற்குப் பெரிதாக்கச் சொன்னால், ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த படத்தில் ஆள் அழித்த சிலேட்டு மாதிரி இருந்தார்.

சாண்ட்ரா அந்தப் பாஸை மொட்டை மாடி நிழலில் ஒரு பலகையில் குத்தினாள். மேக்ரோவைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். பாரிமுனை லேபிலிருந்து பெரிய படம் வந்ததும் செல்லம்மா அக்கா விரலை அந்த மனிதரின் புருவத்தில் வைத்தார்.

"இது கொக்கி கிழிச்சது. நாலு தையல். இவருதாம்மா என் ஆளு."

துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த எத்தனையோ பேர் பாஸுக்காக மட்டும்தான் கேமரா முன் நின்றிருக்கிறார்கள். அப்படி இறந்தவர்களின் வீட்டார் எண்ணூரிலிருந்து, மீஞ்சூரிலிருந்து எல்லாம் பாஸோடு வந்தார்கள். கிறிஸ்மஸுக்கு அவள் அம்மாவுக்குப் புடவை எடுத்தாள். கேமரா தப்பித்தது.

எனக்கு மறுபடியும் எரிந்தது. குழி பறித்தவள் நான், அதில் தண்ணீர் ஊறி அவள் குடிக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "அம்முதான் இந்த லென்ஸை வாங்கச் சொன்னா" என்று என்னைக் காட்டுவாள். அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

எரிச்சலில் அடுத்து நடந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். வேறு லென்ஸ் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்ததும் சாண்ட்ரா போர்ட்ரெய்ட் லென்ஸையும் வாங்கினாள். ஆனால் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. 'சாவுப் படம் சாண்ட்ரா' என்று பேர் விழுந்துவிட்டது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மைக்குப் படமெடுக்கக் கேட்டுப்போன வீட்டில், "உன் கை நல்ல கைதான் கண்ணு. ஆனா நல்ல காரியமாச்சே" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். சொந்தச் சித்தி மகள் கல்யாணத்துக்கே வரதனைத்தான் வைத்தார்கள். அன்று சாண்ட்ரா கடைசி வரிசையில் உட்கார்ந்து, வரதன் எந்தப் பக்கம் விளக்கு வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை.

லென்ஸ் வாங்கி மூன்று வருடம் கழித்துப் போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டின் அந்தப் பக்கத்தையும் காட்டினேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு பாஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா."

துடைத்த பாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னாடி ஆவும்?" என்றாள். "என்னைக் கூப்பிடாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. போ."

அவள் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நானும் போகவில்லை.

வீடு வீடாகப் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை, அதனால் எழுதுகிறேன். சாவுப் படம் எடுப்பது அவளாகத் தேடிக்கொண்ட வேலை இல்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தியின் பொறாமை அவளை அங்கே தள்ளியது. இதைப் படிப்பவர்கள், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கல்யாணமோ புது நன்மையோ வைத்திருக்கும் வீடு எதையாவது அறிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். என் பேரையும் சேர்த்தே சொல்லுங்கள்.